பத்சேபாள் மறுத்திருக்க முடியுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: வேதாகமத்தில் 2 சாமுவேல் 11 வாசித்தேன். இன்னொருவன் மனைவியான பத்சேபாளை அழைப்பித்துத் தாவீது ராஜா செய்தது பாவம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்சேபாளும் சம்மதித்துத்தானே போனாள்? அழைத்தார்கள், வந்தாள் என்றுதான் இருக்கிறது. மறுத்ததாக இல்லை, கூச்சல் போட்டதாக இல்லை. மாடியில் போய்க் குளித்தவள் மேல் ஒரு பங்குப் பழிகூடக் கிடையாதா?

மார்ச் 5, இரவு 9.10

மாடியில் இருந்தவன் தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. சாயங்காலம் படுக்கையை விட்டு எழுந்து அரண்மனை உப்பரிகையில் உலாவினான், அங்கிருந்து ஒரு பெண் குளிப்பதைக் கண்டான், அவ்வளவுதான் 2ஆம் வசனம். அவள் மொட்டைமாடியில் நின்று குளித்த படம் ஞாயிறு பள்ளிப் புத்தகங்களில் வருகிறது, பிரசங்கங்களில் வருகிறது. வேதத்தில் வரவில்லை. நீங்கள் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மார்ச் 5, இரவு 10.40

மீதியையும் எழுதிவிடுகிறேன். தூக்கம் வரவில்லை.

அவளைக் கண்டதும் தாவீது ஆள் அனுப்பி விசாரிக்கிறான். பதில் வருகிறது: எலியாமின் மகள், ஏத்தியனாகிய உரியாவின் மனைவி. இந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? 23ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகள் பட்டியல் இருக்கிறது, மொத்தம் 37 பேர். கடைசிப் பெயர் உரியா. அதே பட்டியலில் அகித்தோப்பேலின் மகன் எலியாம் என்று ஒருவரும் உண்டு. அவர்தான் இவளுடைய அப்பா என்றால், தன்னோடு உயிரைக் கொடுத்துப் போரிட்ட ஒருவனின் மகளையும் இன்னொருவனின் மனைவியையும் தெரிந்தேதான் தாவீது அழைப்பிக்கிறான்.

உரியா அப்போது ரப்பாவில், முற்றுகையில். வீட்டு வாசலில் அரண்மனைச் சேவகர்கள் நிற்கிறார்கள். புருஷன் போர்க்களத்தில் இருக்கும்போது ராஜாவின் ஆட்கள் கதவைத் தட்டினால் ஒரு பெண்ணுக்கு முதலில் என்ன தோன்றும்? சாவுச் செய்தியோ என்றுதான் நெஞ்சு பதறும். எதற்குக் கூப்பிடுகிறார் என்று வாசலில் அவளிடம் யாரும் சொன்னதாகக்கூடக் கதையில் இல்லை. போனாள். அவன் அவளோடு சயனித்தான். வீட்டுக்குத் திரும்பினாள். அந்த அதிகாரம் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது ஒரே செய்தி, தான் கர்ப்பமாக இருக்கிறேன் என்பது. அதையும் ஆள் மூலம்தான் சொல்லி அனுப்புகிறாள்.

சம்மதித்தாளா என்று கேட்கிறீர்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வழி இருந்ததா என்பதுதான் அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி. வழி இல்லாத இடத்தில் அவள் போனதை வைத்துச் சம்மதத்தைக் கணக்குப் போட முடியாது.

மார்ச் 6, காலை

கீழே ஒரு அண்ணன் உபாகமம் 22ஐ எடுத்துப் போட்டிருக்கிறார். பட்டணத்துக்குள் நடந்தது, அவள் கூக்குரலிடவில்லை, ஆகவே அவளும் குற்றவாளி என்கிறார்.

அந்தச் சட்டம் நிச்சயிக்கப்பட்ட கன்னிகையைப் பற்றியது. அதை விடுவோம். கூக்குரலிடச் சொல்லும் சட்டத்துக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கத்தினால் யாராவது ஓடி வருவார்கள் என்று. வயல்வெளியில் நடந்தால் பெண்மேல் குற்றமில்லை, அவள் கத்தியிருந்தாலும் காப்பாற்ற ஆள் இல்லை என்று அதே சட்டம் 27ஆம் வசனத்தில் காரணமும் சொல்கிறது. ஆள் இருந்தானா இல்லையா என்பதைப் பார்க்கத் தெரிந்த சட்டம் அது. அப்படியானால் அரண்மனைக்குள் ஓடிவந்து ராஜாவைத் தடுக்க யார் இருந்தார்கள்? இஸ்ரவேலில் வழக்குள்ளவர்கள் கடைசியாகப் போய் நின்ற இடமே ராஜாவின் சமுகம். தாவீதின் மேல் தாவீதிடமே முறையிட வேண்டும். சுற்றிலும் நூறு பேர் இருந்தாலும் அவளுக்கு அது வயல்வெளிதான்.

மார்ச் 6, இரவு

சொந்த அனுபவம் ஒன்று. முன்பு நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் பெரிய அதிகாரி ஒருவர், சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரமாகப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பெண்ணை "ஃபைலோடு வா" என்று அறைக்குக் கூப்பிடுவார். அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் உள்ளே போவாள், சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்ற நினைப்பில். டீ கொண்டுபோகும் பையனுக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். பிறகு அவள் வேலையை விட்டுப் போனாள். அன்று கேண்டீனில் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது: "இஷ்டமில்லாமலா தினமும் போனாள்?"

2 சாமுவேல் 11ஐ வாசிக்கும்போதெல்லாம் நான் தேடுவது அந்த ஆட்களைத்தான். விசாரித்து வந்தவன், அழைக்கப் போனவர்கள், கர்ப்பச் செய்தியைச் சுமந்து வந்தவன். அரண்மனையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் உரியாவின் கையிலேயே அவனுடைய சாவுக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறான் தாவீது. படைத்தலைவன் யோவாப் அதை வாசிக்கிறான், கேள்வி கேட்காமல் செய்து முடிக்கிறான். ராஜா ஆள் அனுப்பினால் எல்லாரும் நகர்கிறார்கள். நகராமல் நின்றவன் உரியா ஒருவன்தான். கர்ப்பத்தை மறைக்கத் தாவீது அவனைப் போர்க்களத்திலிருந்து வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னபோது, உடன்படிக்கைப் பெட்டியும் படையும் கூடாரத்தில் இருக்கும்போது வீட்டுக்குப் போய் மனைவியோடு படுக்க மாட்டேன் என்று அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொண்டான். அதற்குக் கிடைத்த பலன் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். படைவீரன், பட்டியலில் பெயர் உள்ளவன், அவன் மறுத்ததற்கே இந்தக் கதி. அவன் மனைவி மறுத்திருந்தால்?

மார்ச் 7

யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் மறுத்தானே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மறுத்தான். சிறைக்குப் போனான். அந்தக் கதையைச் சரியாக எடுத்து வைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அடிமையாக இருக்கும் ஆணை எஜமானி தினமும் நச்சரிக்கிறாள், அவன் ஓடிப்போகிறான், கழற்றிவிட்டுப் போன வஸ்திரமே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. எங்கே ஆதிக்கம் இருக்கிறதோ அங்கேதான் பொய்யும் செல்லுபடியாகும் என்று ஆதியாகமம் 39 அச்சொட்டாகக் காட்டுகிறது. யோசேப்பை மெச்சுகிறவர்கள் அவன் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்லுங்கள். எஸ்தர் புத்தகத்து ராணி வஸ்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜா அகாஸ்வேரு குடிவெறியில் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாள், ராணிப்பட்டம் போயிற்று. அவள் ஒருத்தி மறுத்ததற்காக 127 நாடுகளுக்கும் கட்டளை போகிறது, ஒவ்வொருவனும் தன் வீட்டில் தானே அதிகாரியாக இருக்க வேண்டும் என்று.

மார்ச் 9, மதியம்

நாத்தான் தீர்க்கதரிசியைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது. அடுத்த அதிகாரத்தில் அவர் தாவீதிடம் வந்து ஒரு கதை சொல்கிறார்.

ஐசுவரியவானுக்கு மந்தை மந்தையாக ஆடு. தரித்திரனுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அவன் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப்போல வளர்ந்தது. விருந்தாளி வந்தபோது ஐசுவரியவான் தன் மந்தையைத் தொடாமல் அந்தக் குட்டியைப் பிடித்து அடித்துச் சமைக்கிறான். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான்.

ஆட்டுக்குட்டி வேலி தாண்டிப் போனதாக நாத்தான் சொல்லவில்லை. ஐசுவரியவான் கண்ணில் படும்படி நின்றது என்றும் சொல்லவில்லை. கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது தாவீது செய்த காரியம் என்று 11ஆம் அதிகாரத்தின் கடைசி வசனமும் பெயர் குறித்தே சொல்கிறது. பத்சேபாள் மேல் ஒரு சொல் பழி கிடையாது. பழி போடும் வேலையை நாம்தான் பிறகு எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 9, இரவு 11.30

மதியம் எழுதியதை மறுபடி வாசித்தேன். எழுதியது சரிதான், ஆனால் அத்தோடு நிறுத்த மனம் ஒப்பவில்லை.

அந்த உவமையில் அநியாயம் யாருக்கு நடந்தது? தரித்திரனுக்கு. குட்டி செத்துப்போனது, ஆனால் நஷ்டம் அவனுடையது. பத்சேபாள் குற்றமற்றவள் என்று காட்டும் அதே கதை, அவளை ஒருவனிடமிருந்து இன்னொருவன் பிடுங்கிக்கொண்ட பொருளாகவும் ஆக்கிவிடுகிறது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்று நாத்தானும் கேட்கவில்லை.

தண்டனையைப் பாருங்கள். உன் மனைவிகளை எடுத்து உனக்கு அடுத்தவனுக்குக் கொடுப்பேன், அவன் பட்டப்பகலில் அவர்களோடு சயனிப்பான் என்கிறது தீர்ப்பு. 16ஆம் அதிகாரத்தில் அது நடக்கிறது. கலகம் செய்த தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடும்போது வீட்டைக் காக்க என்று தாவீது விட்டுப்போன 10 மறுமனையாட்டிகள். ஆலோசகன் அகித்தோப்பேல் யோசனை சொல்ல, உப்பரிகையின்மேல் கூடாரம் போட்டு, இஸ்ரவேலர் எல்லாரும் பார்க்க, அப்சலோம் அவர்களிடம் போகிறான். தாவீது திரும்பி வந்ததும் அந்தப் பத்துப் பேரையும் ஒரு வீட்டில் அடைத்துச் சோறு போடுகிறான். சாகும்வரை விதவைகள்போல அடைபட்டுக் கிடந்தார்கள் என்று 20ஆம் அதிகாரம் 3ஆம் வசனம் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கலகத்துக்குப் போய்விடுகிறது.

தாவீது செய்த பாவத்துக்கு அவர்கள் ஏன் அனுபவிக்க வேண்டும்? வேதத்தை நேசிக்கிறவள்தான் நான், சிறுவயதிலிருந்து அதை வாசித்தே வளர்ந்தவள். இந்த இடத்தைக் கடக்கும்போது எனக்கு வலிக்கிறது. இதற்கு அழகான விளக்கம் யாரும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

மார்ச் 10

51ஆம் சங்கீதம். லெந்து நாட்களில் முழங்காலில் நின்று சொல்கிறோம். பத்சேபாளிடத்தில் போனபின் நாத்தான் வந்தபோது தாவீது பாடியது என்று தலைப்பு இருக்கிறது. அந்தத் தலைப்புகள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 4ஆம் வசனத்தில், உமக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்கிறான். உரியாவுக்கு விரோதமாக? அவளுக்கு விரோதமாக? எனக்குள் இருக்கும் பாவத்தை நினைக்கும்போது அந்தச் சங்கீதம் எனக்கு ஆறுதல்தான். பாதிக்கப்பட்டவள் பக்கத்தில் நின்று அதே வரியைச் சொல்லிப் பார்த்தால் நாக்கு தடுமாறுகிறது. இரண்டு பக்கமும் நான் நின்றிருக்கிறேன்.

மார்ச் 12

பத்சேபாள் மறுத்ததாக எழுதப்படவில்லை என்பதுதானே உங்கள் வாதம். சரி, மறுத்ததாக எழுதப்பட்ட ஒரு பெண்ணிடம் போவோம். இரண்டே அதிகாரம் தள்ளி, 2 சாமுவேல் 13.

தாவீதின் மூத்த மகன் அம்னோனுக்குத் தன் மாற்றாந்தாய் மகள் தாமார் மேல் மோகம். யோனதாப் என்ற சிநேகிதன், தாவீதின் அண்ணன் மகன், உபாயம் சொல்லிக்கொடுக்கிறான்: வியாதிக்காரன்போலப் படுத்துக்கொள், உன் அப்பா பார்க்க வருவார், தாமார் வந்து என் கண் முன்னால் பலகாரம் பண்ணித் தரட்டும் என்று கேள். தாவீது வருகிறான், மகளை அனுப்பிவைக்கிறான். மறுபடியும் ஆள் அனுப்புவது தாவீதுதான் என்பதைக் கவனியுங்கள்.

அவள் மாவு பிசைகிறாள், பணியாரம் தட்டுகிறாள், சுடுகிறாள், சட்டியோடு அவன் முன்னே கொட்டி வைக்கிறாள். எல்லாரையும் வெளியே போகச் சொல்கிறான். அறைவீட்டுக்குள் கொண்டுவா என்கிறான். பிடித்துக்கொள்கிறான்.

அவள் பேசுகிறாள். வேண்டாம், என் சகோதரனே. என்னைக் கெடுக்காதே. இஸ்ரவேலில் இப்படிச் செய்யத்தகாது. என் வெட்கத்தோடு நான் எங்கே போவேன்? நீயும் மதிகெட்டவர்களில் ஒருவனாவாய். ராஜாவோடே பேசு, அவர் என்னை உனக்குத் தராமல் இருக்கமாட்டார். அகப்பட்டுக்கொண்ட நேரத்தில் இத்தனை நிதானமாக, ஊர் வழக்கம், தன் கதி, அவன் கதி, தப்பிக்க ஒரு வழி என்று அத்தனையையும் எடுத்து வைக்கிறாள். பலன் என்ன? அவள் சொல்லைக் கேட்கமாட்டேன் என்று அவளைப் பலவந்தம்பண்ணினான்.

ராஜாவோடே பேசு என்று அவள் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் உள்ளூர விருப்பம் இருந்தது, கல்யாணம்தான் கேட்டாள் என்று ஒரு ஊழியர் பிரசங்கித்ததை நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கழுத்தில் கத்தி வைத்தவனிடம் வீட்டில் நகை இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று சொல்கிறவளுக்கு நகை கொடுக்க ஆசை என்றா அர்த்தம்?

அதற்குப் பிறகு வரும் வசனம்தான் இந்தப் பகுதியிலேயே என்னை அதிகம் உலுக்கியது. முன்பு விரும்பிய விருப்பத்தைவிட இப்போது வெறுத்த வெறுப்பு பெரிதாயிருந்தது. எழுந்து போ என்கிறான். வேலைக்காரனைக் கூப்பிட்டு இவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டு என்கிறான். ஆசை என்று இத்தனை நாள் அவன் மெலிந்து மெலிந்து சுமந்தது என்ன என்று அந்த ஒரு வசனத்தில் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. அவளை அவன் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

அவளுடைய சொந்த அண்ணன் அப்சலோம் ஆறுதல் சொல்கிறான்: இப்போது மவுனமாயிரு, அவன் உன் சகோதரன், இதை மனதில் வைக்காதே. நம் வீடுகளில் இன்றைக்கும் இதே வார்த்தைகள்தான். தாவீதுக்கு வெகு கோபம் வந்தது, ஒன்றும் செய்யவில்லை. மூத்த மகன் மேல் பாசம் என்பதால் அவனை வருத்தப்படுத்தவில்லை என்று பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கூடுதலாக ஒரு வரி இருக்கிறது. அவனாலும் எப்படிக் கண்டிக்க முடியும்? மகன் செய்தது அப்பன் செய்ததுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான். தனக்குப் பிறந்த மகளுக்குத் தாமார் என்று பெயர் வைக்கிறான். தங்கையோ அவன் வீட்டிலேயே பாழாய்க் கிடந்தாள்.

மார்ச் 12, பின்குறிப்பு

நாளாகமத்தில் இந்த இரண்டு கதையும் இல்லை. 1 நாளாகமம் 20ஆம் அதிகாரம், ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம், தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்று அதே மாதிரி தொடங்கி, நேராக ரப்பா பிடிபட்டதற்குத் தாண்டிவிடுகிறது. நடுவில் பத்சேபாளும் இல்லை, உரியாவும் இல்லை. யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், தாவீதின் இந்தச் சம்பவத்தைச் சபையில் வாசிக்கவும் வேண்டாம், மொழிபெயர்த்துச் சொல்லவும் வேண்டாம் என்று விதி இருக்கிறது. அதன் விளக்கநூலான தால்மூதில் ஒரு ரபி, போருக்குப் போகிறவர்கள் மனைவிக்குத் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதிக்கொடுத்தே போவார்கள், ஆகவே தாவீது பாவமே செய்யவில்லை என்று வாதாடுகிறார். ராஜாவைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை காலமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் மத்தியில் சாமுவேலின் புஸ்தகத்தை எழுதினவர்கள் தங்கள் மிகப் பெரிய ராஜாவைப் பற்றி இதை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதற்காகவே அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மார்ச் 15

பெண்ணின் ஆசையைப் பற்றி இந்தக் கதைகள் பேசவே பேசாதா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். பேசும்.

சவுல் ராஜாவின் மகள் மீகாள் தாவீதை நேசித்தாள் என்று 1 சாமுவேல் 18 சொல்கிறது. தாவீது மீகாளை நேசித்ததாக எங்கும் இல்லை. சவுல் அந்த நேசத்தையே கண்ணியாக்குகிறான்; பெலிஸ்தரைக் கொன்று வா, பெண்ணைத் தருகிறேன் என்கிறான். பிற்பாடு தாவீதை ஜன்னல் வழியாகத் தப்பவைத்தவளும் அவள்தான், அவனோ போனவன் போனவன்தான். சவுல் அவளைப் பல்த்தியேலுக்குக் கட்டிவைக்கிறான். வருஷங்கள் கழித்து, ராஜ்யம் பேசும் உடன்படிக்கையில் தாவீது ஒரு நிபந்தனையாக மீகாளைத் திரும்பக் கேட்கிறான். ஆள் வந்து அவளைப் புருஷனிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போகிறார்கள். பல்த்தியேல் பகூரிம் வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் நடக்கிறான். திரும்பிப் போ என்று சவுலின் படைத்தலைவனாயிருந்த அப்னேர் ஒரு அதட்டல் போடுகிறான், திரும்பிவிடுகிறான். மீகாள் அழுதாளா? அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த முழு ராஜாக்கள் கதையிலும் ஒரு பெண்ணுக்காக ஒரு ஆண் வெட்கப்படாமல் அழும் இடம் இது. அவனைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

உன்னதப்பாட்டு தனி உலகம். அங்கே அவள் தேடுகிறாள், அழைக்கிறாள், கதவைத் திறக்கத் தாமதிக்கிறாள், திறப்பதற்குள் அவன் போய்விடுகிறான். ஆனால் அங்கேயும் 5ஆம் அதிகாரத்தில் நேசரைத் தேடி இரவில் தெருவில் அலையும்போது நகரக் காவலர் அவளை அடித்துக் காயப்படுத்துகிறார்கள், போர்வையைப் பறித்துக்கொள்கிறார்கள். பாட்டு நிற்காமல் போகிறது, அந்த அடியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 16

இன்னொரு தாமாரை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். யூதாவின் மருமகள். இரண்டு மகன்கள் செத்தபின் மூன்றாவது மகன் சேலாவைத் தருகிறேன் என்று ஏமாற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான் மாமனார். அவள் முக்காடிட்டு வழியில் உட்கார்ந்து, வேசி என்று நினைத்துத் தன்னிடம் வந்த யூதாவிடம் அடமானமாக அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் வாங்கிக்கொள்கிறாள். கர்ப்பம் என்றதும் கொண்டுவந்து சுட்டெரியுங்கள் என்கிறான் யூதா, ஒரு வாக்கியம், விசாரணை கிடையாது. மோதிரம் வந்து சேர்ந்ததும் "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். அடையாளப் பொருள் கையில் இருந்ததால் பிழைத்தாள். தாவீதின் வம்சமே அந்தப் பிள்ளை பாரேஸ் வழியாகத்தான் வருகிறது. அவளுக்கு ஆசை இருந்ததா? பிழைக்க வேண்டும் என்ற ஒன்றே இருந்திருக்கும்.

மார்ச் 23

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் 2 சாமுவேல் 13, முதல் 22 வசனம் வாசித்தோம். தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்து உஜாமா மையம் 2000 வாக்கில் தொடங்கிய தாமார் இயக்கத்தின் முறையைப் பின்பற்றினேன்: சத்தமாக வாசிப்பது, பிறகு கதையில் வரும் ஒவ்வொரு ஆணும் என்ன செய்தான், தாமார் என்ன செய்தாள் என்று மட்டும் கேட்பது. விளக்கம் நான் சொல்வதில்லை.

யோனதாப், தாவீது, அப்சலோம் எல்லாம் வேகமாக வந்துவிட்டது. நெடுநேரம் பேசியது அந்த வேலைக்காரனைப் பற்றி. பெயர் இல்லாதவன், கதவைப் பூட்டினவன். அவனால் என்ன செய்திருக்க முடியும் என்று ஒரு அம்மா கேட்டார். வெளியே விட்டதும் ஒரு துணியாவது போர்த்தியிருக்கலாம் என்றார் இன்னொருவர். நான் வீட்டுவேலை செய்த இடத்தில் நானும் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நியாயாதிபதிகள் 19 எடுக்கலாமா என்று கேட்கிறார்கள், கிபியாவில் இரவு முழுவதும் சீரழிக்கப்பட்டு, விடியும்போது வாசற்படியில் கை வைத்துக் கிடந்த லேவியனின் மறுமனையாட்டி. எடுக்கலாம், ஆனால் 21ஆம் அதிகாரம் வரை சேர்த்துத்தான் என்று சொல்லியிருக்கிறேன். 19ஐயும் 20ஐயும் மட்டும் வாசித்தால், அவளுக்காக இஸ்ரவேல் முழுவதும் எழும்பி நியாயம் கேட்டது என்று தோன்றிவிடும். 21இல்தான் தெரியும், அதற்காகப் பென்யமீன் கோத்திரத்தோடு நடந்த யுத்தத்தில் தப்பிய 600 பென்யமீனருக்குப் பெண் வேண்டும் என்று யாபேஸ் கீலேயாத்தை அழித்து 400 கன்னிகைகளைப் பிடித்தார்கள், போதாமல் சீலோவில் திராட்சத்தோட்டங்களில் பதுங்கியிருந்து, பண்டிகைக்கு நடனமாட வந்த பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு யோசனை சொன்னவர்கள் சபையின் மூப்பர்கள்.